ஏழு நாற்பத்திரண்டுக்கு வியாழனில் விழுந்தது

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு வியாழன் கிரகத்தின் மேல் ஏதோ ஒன்று விழுந்தது. உலகத்தில் அதைப் பார்த்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் அப்போது கொசு கடித்த கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் தொழில். பகல் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லி, "ஆடாதீங்க, எச்சில் முழுங்காதீங்க" என்று அதட்டுவாள். சாயங்காலமானால் ஐந்து மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக்கு ஏறி, எட்டு இன்ச் டெலஸ்கோப்பை நிறுத்தி, கோள்களிடமும் அதையே சொல்லுவாள். மனிதர்களாவது பல்வலிக்குப் பயந்து சொன்னபடி இருப்பார்கள். கோள்களுக்குப் பல் கிடையாது, பயமும் கிடையாது.

உண்மையில் கோள்கள் ஆடுவதில்லை. நடுவில் இருக்கும் காற்றுதான் ஆடுகிறது. கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நாணயத்தை மேலிருந்து படம் பிடிக்கிற கதை இது. அதனால் கோள் பிடிப்பவர்கள் யாரும் ஒற்றைப் படம் எடுப்பதில்லை. டெலஸ்கோப்பின் பின்பக்கம் கேமராவைச் சொருகி வீடியோவாக ஓடவிடுவார்கள். விநாடிக்கு நூறு ஃபிரேம் என்று பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ஃபிரேம்கள் சேரும். அதில் காற்று கொஞ்சம் சும்மா இருந்த நேரத்து ஃபிரேம்களை மட்டும் சாஃப்ட்வேர் பொறுக்கியெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும். அப்புறம் அதைக் கூர்தீட்டு, நிறம் கூட்டு, குறை, மறுபடி தீட்டு என்று மூன்று நாள் குடும்பத்தை மறந்து உட்கார வேண்டியதுதான்.

அன்றைக்கு லேப்டாப் திரையில் வியாழன் வழக்கம்போல் கொதித்துக்கொண்டிருந்தது. கோளின் குறுக்கே ஓடும் கீழ்ப் பட்டைக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. பளிச்சென்று பெரிதானது. அணைந்தது. ஒரு விநாடிகூட இருக்காது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"என்னங்க! விழுந்துடுச்சு! விழுந்துடுச்சுங்க!"

அவள் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். அந்தக் கட்டடத்து மொட்டைமாடியில் வரிசையாக நிற்கும் பதினான்கு ஏசிப் பெட்டிகளும் அவர் கையால் மாட்டியவை. விழுந்தது பெண்டாட்டியா, டெலஸ்கோப்பா, தான் மாட்டிய பெட்டியா என்று மூன்று பயங்களோடு ஒற்றைச் செருப்பில் ஏறி வந்தார்.

"யாரு விழுந்தது?"

"வியாழன் மேலங்க!"

"வியாழன் மேல யாரு விழுந்தது?"

"கல்லு! இல்லன்னா வால்நட்சத்திரம்! ஏதோ ஒண்ணு!"

மனிதர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தார். "யாருக்கும் அடி படலையே?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாக இப்படித்தான்.

வியாழனில் கல்லும் கட்டியும் மோதுவது அபூர்வம் இல்லை. அது நடக்கிற அந்த ஒரு விநாடியில் யாரோ ஒருத்தர் கேமராவைத் திருப்பி வைத்திருப்பதுதான் அபூர்வம். அப்படிக் கேமராவில் மாட்டியவற்றை எழுதி வைக்க, உலகமெங்கும் இருக்கிற வியாழன் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் தேதி, நேரம், பார்த்தவர் பெயர் என்று மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றாவது கட்டத்தில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவள் அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் யோசித்தாள். பல் மருத்துவமனையில் அவள் பெயரை எக்ஸ்ரே உறையின் மூலையில் ரப்பர் ஸ்டாம்பாகத்தான் பார்த்திருக்கிறாள், அதிலும் முதல் எழுத்து தேய்ந்துபோனது.

எட்டேகாலுக்குப் படத்தைப் பதிவேட்டுக்கு அனுப்பிவிட்டு, வானம் பார்ப்போர் ஃபோன் குழுவிலும் போட்டாள். அந்தக் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் பதினோரு பேர். மற்றவர்கள் காலை வணக்கம் அனுப்புவதற்காகச் சேர்ந்தவர்கள். அவர்கள் உடனே கை தட்டினார்கள், பூங்கொத்து அனுப்பினார்கள், ஒருவர் என்ன ஏதென்று பாராமல் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டுவிட்டு அழித்தார். டெலஸ்கோப் வைத்திருக்கும் மற்ற பத்துப் பேர் மட்டும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையில் பதிவேட்டிலிருந்து பதில் வந்தது. சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் அதே நிமிடத்தில் வேறு இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்த வீடியோவிலும் இது தெரிந்தால்தான் ஏற்போம் என்று இரண்டே வரி. அது நியாயம்தான். வம்பாய் வந்தது குழுத் தலைவரின் பதில்.

தலைவர் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் அவர் பெயரே சிக்னல்தான். எதற்கும் முதலில் சிவப்பு காட்டுவார். அவர் எழுதியிருந்தார்: "வாழ்த்துகள். நம் குழு விதிப்படி, வியப்பூட்டும் படம் போடுபவர் அசல் வீடியோவையும், அதே நேரத்தில் வானம் பார்த்த இன்னொருவரின் சாட்சியையும் தர வேண்டும். இல்லையேல் படம் பொய் என்று கொள்ளப்படும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம்வரை நேரம் உண்டு. இந்த விதியைக் கொண்டுவந்தவர் தாங்களே என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்."

கீழே டெலஸ்கோப்காரர் ஒருவர் ஒரு வரி சேர்த்திருந்தார். "அசல் வீடியோவிலேயே புள்ளி வைக்க ஆள் இருக்கிறது."

அந்த விதி பிறந்த கதை இது. இரண்டு வருடம் முன்னால் எக்ஸ்ரேக்காரியும் அவள் நாத்தனாரும் ஒரே கடைக்குப் போய், ஒரே மாதிரி டெலஸ்கோப் இரண்டு வாங்கி வந்தார்கள். நாத்தனார் என்றால் வீட்டுக்காரருக்கு மூத்தவள், ஊருக்கு அந்தப் பக்கம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். ஒருத்திக்கு ஒருத்தி ஃபோன் போட்டு, "எங்க பக்கம் மேகம், உங்க பக்கம்?" என்று விசாரித்துக்கொள்வார்கள். கணவனும் தம்பியுமான அந்த ஒற்றை மனிதருக்கு அது பொற்காலம்.

எட்டு மாதம் முன்னால் நாத்தனார் ஒரு சனிக் கிரகப் படத்தைக் குழுவில் போட்டாள். வளையத்துக்கு நடுவில் இருக்கிற கறுப்பு இடைவெளி, பேனாவால் கோடு இழுத்த மாதிரி முழுச் சுற்றும் தெரிந்தது. கோளின் மேல் வளையத்தின் நிழல், மேலே மங்கலான பட்டைகள் எல்லாம் இருந்தன. அதே டெலஸ்கோப்பில் எக்ஸ்ரேக்காரிக்கு வந்த சனி, காது முளைத்த உருளைக்கிழங்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சுருக்கிப் பார்த்தாள், வயிறு எரிந்தது. எரிந்த வேகத்திலேயே குழுவில் எழுதினாள்: "எட்டு இன்ச்சில் இவ்வளவு தெரிய வாய்ப்பே இல்லை. விண்கலம் எடுத்த படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் இப்படித்தான் வரும்." எழுதியது போதாதென்று விதியும் போட வைத்தாள். நாத்தனாரிடம் அசல் வீடியோ இல்லை. இடம் போதாமல் படம் முடிந்ததும் அழித்துவிடும் பழக்கம். தனியாக எடுத்ததால் சாட்சியும் இல்லை. அவள் குழுவைவிட்டு வெளியேறினாள், அதோடு ஃபோனும் நின்றது. குடும்பத்தில் ஒரு கல்யாணத்தில் இரண்டு பேரும் எதிரெதிர் மூலையில் உட்கார, நடுவில் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பல்லைக் காட்டிக்கொண்டே கழுத்து சுளுக்கிப்போனார்.

இப்போது அந்த விதி திரும்பி வந்து போட்டவளின் கழுத்தையே பிடித்தது.

பத்து டெலஸ்கோப்காரர்களிடமும் கேட்டாயிற்று. ஒருவருக்கு மேகம், ஒருவருக்கு மாமியார், ஒருவர் அன்றைக்கு நிலாவை எடுத்தாராம். புதன்கிழமை ராத்திரி வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டே சொன்னார்:

"அக்கா எடுத்திருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு ஃபோன் போட்டேன். 'வியாழன் உச்சியில இருக்கான், அப்புறம் பேசுடா'ன்னு வச்சிடுச்சு."

எக்ஸ்ரேக்காரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க போய் அந்த வீடியோவ வாங்கிட்டு வந்துடுங்களேன். உங்க அக்காதானே."

"நான் போகமாட்டேன். எட்டு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பட்டது போதும். வேணும்னா நீயே போய்க் கேளு." பதினெட்டு வருடத்தில் அந்த மனிதர் முழுசாகச் சொன்ன முதல் மறுப்பு அது. சொன்ன கையோடு, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் விளக்கை அணைத்துவிட்டார்.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு அவள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போனாள். கார் பள்ளி என்பது ஒரு பெரிய புல்வெளி, அதில் சுண்ணாம்புக் கோடுகள், வரிசையாக நட்ட கம்பங்கள், ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு அறை. பயிற்சிக் கார் கம்பங்களுக்கு நடுவே விக்கி விக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர். அவர் பக்கத்தில், தன் காலடியில் இருந்த தனி பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். தம்பி பெண்டாட்டியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"கிளாஸ் நடக்குது. பேசணும்னா பின்னால ஏறு."

ஏறினாள். கார் குலுங்கிக்கொண்டு கிளம்பியது.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"கியரை மாத்துங்க சார், அது கத்துது பாருங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். என்ன வேணும்?"

"செவ்வாய்க்கிழமை வியாழன் எடுத்தீங்களாமே."

"எடுத்தேன். வலதுபக்கக் கண்ணாடியப் பாருங்க சார், என்னைப் பாக்காதீங்க."

"அதோட அசல் வீடியோ வேணும்கா. ஏழு நாப்பத்திரண்டு. அதுல என்னோட வெளிச்சம் இருந்தா பதிவேட்டுல ஏத்திடுவாங்க. உங்க பேரையும் சேர்த்துத்தான்."

நாத்தனார் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே திரும்பினாள். "எனக்கு ஒரு சந்தேகம். நான் பொய்ப் படம் போடற ஆளுன்னு எட்டு மாசமா எழுதி வச்சிருக்க. பொய்க்காரி குடுத்த வீடியோவ வச்சு உன்னோடத எப்படி மெய்யாக்குவ?"

எக்ஸ்ரேக்காரி பென்டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டாள். வழி முழுக்க எத்தனையோ பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். கோபப்பட்டால் ஒரு பதில், அழுதால் ஒரு பதில், விரட்டினால் ஒரு பதில். இந்தக் கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

"அதை மொதல்ல சரி பண்ணு. அதே குழுவுல," என்றாள் நாத்தனார். "பிரேக் சார், பிரேக்!"

பின்சீட்டில் குலுங்கியபடி அவள் ஃபோனில் தட்டினாள். தட்டியதைப் படித்துக் காட்டச் சொன்னாள் நாத்தனார். "'எட்டு மாதம் முன்பு நான் தெரிவித்த கருத்தால் யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.'"

மருந்துக்கடைக்காரர் ஸ்டீயரிங்கை விடாமல் சொன்னார், "மன்னிக்கணும் மேடம். இது நான் கடையில வைக்கற போர்டு மாதிரி இருக்கு. சரக்கு வரலைன்னா, சிரமத்துக்கு வருந்துகிறோம்னு."

"ரோட்டைப் பாருங்க சார்," என்றாள் நாத்தனார். ஆனால் அவள் உதட்டோரம் ஒரு துளி நெகிழ்ந்தது. "வேற எழுது."

"'அந்தச் சனிப் படம் ஒருவேளை உண்மையாகவும் இருந்திருக்கலாம்—'"

கார் சடாரென்று நின்றது. மூன்று பேரும் முன்னால் போய் வந்தார்கள். பிரேக்கை மிதித்தது மருந்துக்கடைக்காரர் இல்லை.

"ஒருவேளையா?"

எக்ஸ்ரேக்காரி எழுதியதை அழித்தாள். வியர்த்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பதிவேட்டின் மூன்றாவது கட்டத்தை நினைத்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தாள். நடுவில் அது எங்கேயோ நழுவி, அந்த உருளைக்கிழங்குச் சனியைப் பார்த்துக்கொண்டு தான் தனியாக உட்கார்ந்திருந்த மொட்டைமாடி ஞாபகம் வந்தது. கடைசியில் தட்டி முடித்து உரக்கப் படித்தாள்.

"'எட்டு மாதம் முன்பு என் நாத்தனார் போட்ட சனிப் படத்தைப் பொய் என்று எழுதினேன். என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஒரே டெலஸ்கோப்பில் என்னுடையதைவிட நன்றாக வந்துவிட்ட வயிற்றெரிச்சலில் எழுதினேன். தப்பு என்னுடையது.'"

மருந்துக்கடைக்காரர் உணர்ச்சி தாங்காமல் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட, இன்ஜின் அணைந்தது.

"அனுப்பு," என்றாள் நாத்தனார். அனுப்பினாள். "சார், நீங்க இங்கயே தனியா கியர் மாத்திப் பழகுங்க. இன்ஜினைப் போட்டுறாதீங்க."

தகரக் கூரை அறையில் ஒரு மேசை, சுவர் நிறையச் சாலை விதிப் படங்கள். மேசை இழுப்பறையைத் திறந்தால் ஏழெட்டு ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டிய காகிதம். "உன் புண்ணியத்துல இப்ப ஒரு ஃபிரேமைக்கூட அழிக்கறதில்ல," என்றாள் நாத்தனார். அதில் குத்தல் இருந்ததா என்று எக்ஸ்ரேக்காரிக்குப் பிடிபடவில்லை.

வீடியோ ஓடியது. எக்ஸ்ரேக்காரி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தாள்.

வியாழன் திரையில் உட்கார்ந்திருந்தது. கொதிக்கவில்லை. லேசாக மூச்சு விடுவதுபோல் ஒரு அசைவு, அவ்வளவுதான். அடுக்காமல், தீட்டாமல், பச்சை வீடியோவிலேயே பட்டைகளின் ஓரத்துச் சுருள்கள் தெரிந்தன. பக்கத்தில் அயோ என்கிற அதன் நிலா ஊசி முனையாக நின்றது. இரண்டு வருடத்தில் ஒரே ஒரு நாள்கூட அவள் வியாழனை இப்படிப் பார்த்ததில்லை.

"எப்படிக்கா?" என்றாள்.

"புல்லுதான். பொழுது சாஞ்சதும் சீக்கிரம் குளுந்துடும். டெலஸ்கோப்ப அஞ்சு மணிக்கே வெளியில வச்சுடுவேன், அதுவும் குளுந்துடும். நீ ரூம்ல இருந்து தூக்கிட்டுப் போய், தம்பி மாட்டின பதினாலு ஏசியும் சூட்டை ஊதற இடத்துல வச்சு எடுக்கற. அடுப்பு மேல வச்சு எடுத்த மாதிரிதான். இதை உன்கிட்ட சொல்லலாம்னு சனிப் படம் போட்ட அன்னிக்கு ஃபோனைக் கையில எடுத்தேன். அதுக்குள்ள நீ எழுதிட்ட."

எக்ஸ்ரேக்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காரில் எழுதி அனுப்பியதில் பாதி, காரியம் ஆகவேண்டும் என்பதற்காக எழுதியது. அந்தப் பாதியும் இப்போது உண்மையாகிவிட்டது.

திரையின் கீழ் மூலையில் நேரம் ஓடியது. ஏழு நாற்பத்தொன்று. ஏழு நாற்பத்திரண்டு. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழு நாற்பத்து மூன்று. ஏழு நாற்பத்து நான்கு.

ஒன்றும் விழவில்லை.

"கடிகாரம் முன்னபின்ன இருக்கும்கா. ரெண்டு பேரோட லேப்டாப்பும் ஒரே—"

"ஏழு முப்பத்தஞ்சுல இருந்து அம்பது வரைக்கும் நிறுத்தாம எடுத்திருக்கேன். முழுக்கப் பாத்துட்டேன், மூணு தடவை."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை ராத்திரியே. தம்பி மறுபடி ஃபோன் பண்ணிச் சொன்னான்."

எக்ஸ்ரேக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். "அப்போ இதுல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுதான் என்னை எழுத வச்சீங்களா?"

"நீ எழுதினது பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? அது வேற, இது வேற. உக்காரு. உன் வீடியோவக் குடு."

அவளுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. வெளியே போய் மருந்துக்கடைக்காரரிடம் சாவியைப் பிடுங்கி அந்தக் காரை ஏதாவது கம்பத்தில் மோதலாம் போல் இருந்தது. ஆனால் ஃபோன் வேறு டிங் டிங் என்று அடித்தது. குழுவில் ஒருவர் அவள் மன்னிப்புக்குக் கீழே கேட்டிருந்தார்: "அப்படியானால் வியாழனில் விழுந்ததும் வயிற்றெரிச்சல்தானா?" இருபத்து மூன்று பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். காலை வணக்கம் அனுப்புகிறவர்கள்கூட. இனி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவள் பொய்க்காரி. அவள் போட்ட விதி, அவள் வாயால் கொடுத்த ஆதாரம். பதிவேட்டில் பெயர் வராதது போகட்டும், இருக்கிற பெயரும் போகப்போகிறது. பென்டிரைவை நீட்டினாள்.

நாத்தனார் அந்த வெளிச்சம் இருந்த எண்பத்தாறு ஃபிரேம்களையும் பிரித்து, ஒவ்வொன்றாகத் தட்டினாள். கண்ணாடியைக் கழற்றி, திரைக்கு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாள். பத்து நிமிடம் அந்த அறையில் பொத்தான் தட்டும் சத்தம் மட்டும். வெளியே மருந்துக்கடைக்காரர் வாயாலேயே இன்ஜின் சத்தம் போட்டுக் கியர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு. உன்னோட அயோ கொதிச்சாலும் சின்னதா இருக்கு. இந்த வெளிச்சம் எல்லா ஃபிரேம்லயும் அதைவிடக் குண்டா இருக்கு. ஃபோகஸ் கொஞ்சம் விலகியிருக்கு. வியாழன் மேல நடந்திருந்தா வியாழனுக்கு இருக்கற ஃபோகஸ்தானே இதுக்கும் இருக்கணும்?"

"ஆமா."

"அப்போ இது அவ்வளவு தூரத்துல இல்ல. கிட்ட. இன்னொண்ணு, மொத ஃபிரேமுக்கும் கடைசி ஃபிரேமுக்கும் நடுவுல ஒம்போது பிக்சல் நகந்திருக்கு. வியாழன் நகரல, இது மட்டும் நகந்திருக்கு." நாத்தனார் நாற்காலியில் சாய்ந்தாள். "ராத்திரி ரோட்டுல எதிர்ல ஒரு வண்டி நேரா உன்னைப் பாத்து வந்தா எப்படித் தெரியும்? வண்டி நகர்ற மாதிரியே இருக்காது. வெளிச்சம் மட்டும் பெருசாகும். ஓரத்துல நிக்கறவனுக்குத்தான் அது ஓடறது தெரியும். புதுசா ஓட்டறவங்க எல்லாரும் ஏமாறுவாங்க."

எக்ஸ்ரேக்காரிக்கு மெல்ல மெல்ல உறைத்தது. "எரிகல்லா?"

"பொடிக்கல்லு. அரிசி அளவு இருந்திருக்கும். வியாழன் பக்கத்துலகூடப் போகல. நேரா உன் மண்டையப் பாத்து வந்து, மேலயே எரிஞ்சு போச்சு. ஒம்போது கிலோமீட்டர் தள்ளி நின்ன எனக்கு அது வானத்துல வேற எங்கேயோ ஓடியிருக்கும். வியாழன் மேல விழுந்த மாதிரி எனக்குத் தெரியாது, வேற யாருக்கும் தெரியாது. அந்தக் கோணத்துல உனக்கு மட்டும்தான்."

பெரிய கிரகத்தில் பெரிய கல் விழுந்ததைக் கண்டுபிடித்தவள் என்ற நினைப்பில் இரண்டு நாள் பஸ்ஸில் நிமிர்ந்து நின்று போனவள் அவள். ஒரு அரிசிக்கு அத்தனை ஆர்ப்பாட்டமா! அழுகை வந்தது. வந்த அழுகையோடு ஒரு சிரிப்பும் இடித்துக்கொண்டு கிளம்ப, இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக ஒரு சத்தம் மட்டும் வெளியே வந்தது. நாத்தனார் மேசையிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். கிரீஸ் துடைக்கிற துண்டு. அவளும் கவனிக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பதிவேட்டுக்கு நானே எழுதிடறேன், அது வியாழன்ல இல்லன்னு," என்றாள் எக்ஸ்ரேக்காரி. "குழுவுல என்ன வேணும்னாலும் சொல்லட்டும். எனக்கு வேணும்தான்."

நாத்தனார் ஃபோனை எடுத்து, குழுத் தலைவர் சிக்னலைக் கூப்பிட்டாள். "என்னைத் திரும்ப உள்ள சேருங்க. ஆமா, இப்பவே. சாட்சி சொல்லணும்." மறுமுனையில் அவர் விதி, கூட்டம், ஒப்புதல் என்று ஏதோ இழுத்தார். "பச்சையக் காட்டுங்க சார்," என்று வைத்துவிட்டாள். அரை நிமிடத்தில் குழு அவளை உள்ளே விட்டது.

ஒற்றை விரலால் நிறுத்தி நிறுத்தித் தட்டினாள். கார் ஓட்டுகிறவர்களை அத்தனை விரட்டுகிறவள், எழுதுவதில் ஆமை. முடித்ததும் ஃபோனை இவள் பக்கம் திருப்பினாள்.

"செவ்வாய் மாலை அதே நேரத்தில் நானும் வியாழனை எடுத்தேன். என் வீடியோவில் எதுவும் விழவில்லை. அவளுடைய அசலை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். அது வியாழனில் விழுந்ததல்ல, அவளை நோக்கி வந்த எரிகல். அவள் பார்த்ததைத்தான் போட்டாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை."

எக்ஸ்ரேக்காரி இரண்டு தடவை படித்தாள்.

"கடைசி வரி வேணாம்கா."

"ஏன்?"

"அன்னிக்கு உங்களுக்கு நான் அதை எழுதல."

"அதனாலதான் எழுதறேன்," என்று சொல்லிவிட்டு நாத்தனார் அனுப்பினாள்.

அந்தச் சின்ன அறையில் எக்ஸ்ரேக்காரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.